சரிவுக் காத்துல ஒரு பந்தயம்: வாசகர்கள் கேட்டவை

போன இதழ்ல பிரிட்டன்ல இருக்கற சவுத் வேல்ஸ் மலைங்கள்ல சனி ஞாயிறு நடக்கற ரிமோட் கிளைடர் பந்தயம் பத்தி ஒரே ஒரு பக்கம் எழுதியிருந்தேன். மோட்டார் கிடையாது, மலைச்சரிவுல முட்டி மேல ஏறுற காத்தை மட்டும் நம்பி 100 மீட்டர் இடைவெளில முன்னும் பின்னுமா பத்து ஓட்டம் ஓடணும், யாரு குறைஞ்ச நேரத்துல முடிக்கறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க, காத்து இருந்தா மாடல் மணிக்கணக்கா மேலயே நிக்கும், உள்ள பித்தளைக் கட்டி கூடப் போடுவாங்க, எழுதினது அவ்ளோதான். அதுக்கு இவ்ளோ கடிதம் வரும்னு நினைக்கல. பாதிப் பேர் இது நிஜமான்னு கேட்டிருக்காங்க, மீதிப் பேர் எவ்ளோ செலவாகும்னு கேட்டிருக்காங்க, ஒரு மேடம் மட்டும் வேற மாதிரி கேட்டிருக்காங்க, அதுவும் கீழ இருக்கு.

கேள்வி: மோட்டார் இல்லாம ஒரு மாடல் மணிக்கணக்கா மேலயே நிக்கும்னு எழுதியிருக்கீங்க. உள்ள எங்கயாவது சின்னதா ஒரு ஃபேன் ஒளிச்சு வெச்சிருப்பாங்க. உண்மையைச் சொல்லுங்க.
வாசகர், திருச்சி

ஃபேன்லாம் இல்ல சார். பேட்டரி ஒண்ணு இருக்கு, ஆனா அது ரிசீவருக்கும் இறக்கை வாலை அசைக்கற சர்வோவுக்கும் மட்டும்தான், முன்னால தள்ளறதுக்கு ஒரு துளி கரண்ட் கூட போறதில்ல.

கிளைடர் எப்பவுமே கீழதான் இறங்கிட்டிருக்கு. இதை ஒத்துக்கிட்டா மீதி புரிஞ்சிடும். தன்னைச் சுத்தி இருக்கற காத்துக்குள்ள அது நொடிக்கு அரை மீட்டர், முக்கால் மீட்டர்னு இறங்கிக்கிட்டே இருக்கும், ஆனா அந்தக் காத்தே மலைல வந்து மோதி வேற வழி இல்லாம நொடிக்கு ரெண்டு மூணு மீட்டர் மேல ஏறிட்டிருந்தா, தரையில நிக்கற நமக்கு மாடல் ஏறுற மாதிரி தெரியும். நம்மூர்ல பருந்து மலை ஓரமா இறக்கையை அடிக்காம அப்படியே நிக்குமே, அது செய்யறதும் இதேதான்.

ஆனா பந்தயக்காரருக்கு உயரம் பெருசா வேண்டாம், வேகம்தான் வேணும். காத்து தூக்கிக் கொடுக்கறதை உயரமா சேர்த்து வெச்சுக்காம மூக்கை லேசா கீழ அழுத்தி உடனுக்குடன் வேகமா செலவு பண்ணிட்டே இருப்பாரு. அதனாலதான் சரிவோட வடிவம் முக்கியம். முன்னாடி பள்ளத்தாக்கு திறந்து கிடக்கணும், முகம் செங்குத்தா வழவழன்னு இருக்கணும், காத்து நேரா வந்து முட்டணும். கடல் ஓரப் பாறைன்னா இன்னும் நல்லது, ஏன்னா கடல் மேல வர்ற காத்துக்கு வழியில மரம், வீடு, மேடு எதுவும் குறுக்க வராது. ஜெர்மனில ரூகன் தீவு, டென்மார்க்ல ஹான்ஸ்ட்ஹோல்ம் எல்லாம் இந்த ஆட்டத்துக்குப் பேர் வாங்கினதுக்குக் காரணமே இதான். மலையோட பின்பக்கம் மட்டும் போயிடக்கூடாது, அங்க காத்து உருண்டு சுழண்டு கீழ இழுக்கும், மாடல் உடையறது அதிகமா அங்கதான், அதுவும் லேண்டிங் பண்ணும்போது.

கேள்வி: பத்து இருபது கிளைடர் ஒண்ணா கிளம்பி ரேஸ் ஓடுமா? யார் முதல்ல வந்தாங்கன்னு எப்படிப் பார்க்கறாங்க?
வாசகி, கோவை

ஒண்ணா ஓடற வகையும் இருக்கு, அமெரிக்காவுல நாலு பேரை ஒரே நேரத்துல விட்டு ஓட்டற சரிவுப் பந்தயங்கள் உண்டு, பார்க்க ரொம்ப ஜோர். ஆனா உலக அளவுல நடக்கறது, எஃப்ஏஐங்கற உலக வான் விளையாட்டுக் கூட்டமைப்போட விதிப்படி நடக்கற எஃப்3எஃப்ங்கற வகை, அதுல ஒருத்தர் ஒருத்தராதான் பறப்பாங்க, எதிரி கடிகாரம் மட்டும்தான்.

சரிவோட விளிம்புல 100 மீட்டர் இடைவெளி விட்டு ரெண்டு இடம் குறிப்பாங்க, ஒண்ணு பேஸ் ஏ, இன்னொண்ணு பேஸ் பி. ரெண்டுலயும் குறிபார்க்கற கம்பி நட்டு வெச்சு ஒருத்தர் கையில பட்டனோட நிப்பாரு. மாடலோட மூக்கு அந்தக் கோட்டைத் தாண்டினதும் பட்டனை அமுக்குவாரு, பசர் அடிக்கும், பைலட் திருப்புவாரு. பைலட் நிக்கறது நடுவுல, அவருக்கு ஓரத்துல இருக்கற கோடு சரியா தெரியாது, காதைத்தான் நம்பணும். பேர் கூப்பிட்டதும் 30 நொடிக்குள்ள மாடலைக் கையால வீசி விட்டுடணும், பெரும்பாலும் வீசறது கூட வந்த ஹெல்பர். வீசினதுக்கப்புறம் இன்னொரு 30 நொடி கிடைக்கும், அதுக்குள்ள எவ்ளோ உயரம் ஏற முடியுமோ ஏறி அங்கிருந்து பாய்ஞ்சு பேஸ் ஏ வழியா உள்ள நுழையணும், நுழையலைன்னா 30 முடிஞ்சதும் கடிகாரம் தானா ஓட ஆரம்பிச்சிடும், அப்ப எங்க இருந்தாலும் நஷ்டம் உங்களோடது.

பத்து ஓட்டம்னா ஒன்பது திருப்பம். ஒரு கிலோமீட்டரை 40 நொடில முடிச்சா சராசரி மணிக்கு 90 கிலோமீட்டர், 30 நொடில முடிச்சா 120, அதுவும் ஒன்பது தடவை திரும்பிக்கிட்டு. நல்ல காத்துல 40க்குக் கீழ வந்தா பரவால்லைன்னு சொல்லுவாங்க, 30க்குக் கீழ ஒரு தடவையாவது வரணும்ங்கறது எல்லாருக்கும் இருக்கற ஆசை.

இப்ப அந்த பசர் சமாச்சாரம், எனக்கு இதுலயே ரொம்பப் பிடிச்சது இதான். பசர் பெட்டியை பேஸ்லயே வெச்சா சத்தம் 50 மீட்டர் கடந்து பைலட் காதுக்கு வர கிட்டத்தட்ட 0.15 நொடி ஆகும், அதுக்குள்ள மணிக்கு 120ல போற மாடல் 5 மீட்டர் தள்ளிப் போயிருக்கும், போகவர ஒவ்வொரு திருப்பத்துலயும் இப்படின்னா என்ன ஆகறது! அதனால ஸ்பீக்கரை பைலட் பக்கத்துலயே வெப்பாங்க. அப்பவும் பட்டன் அமுக்கறவர் கை அசையற நேரம், பைலட் கை அசையற நேரம்னு கொஞ்சம் போகத்தான் செய்யும். கெட்டிக்காரங்க பசருக்காகக் காத்திருக்க மாட்டாங்க, அது எப்ப அடிக்கும்னு மனசுக்குள்ள ஓட்டிப் பார்த்து அதுக்கு ஒரு இம்மி முன்னாடியே திருப்ப ஆரம்பிச்சிடுவாங்க. கணிப்பு தப்பி கோட்டைத் தொடாம திரும்பிட்டா பசர் அடிக்காது, மறுபடி போய்த் தொட்டுட்டு வரணும், ரெண்டு மூணு நொடி காலி, அந்த ரவுண்டே (எல்லாரும் ஆளுக்கு ஒரு தடவை பறந்து முடிக்கறதுதான் ஒரு ரவுண்டு) காலி.

கேள்வி: ஒருத்தர் ஒருத்தரா பறந்தா ஒருத்தருக்கு நல்ல காத்து, அடுத்தவருக்கு மொக்கை காத்து கிடைக்குமே. இது போட்டியா, லாட்டரியா?
வாசகர், சிங்கப்பூர்

நச்சுன்னு கேட்டீங்க. பறக்கறவங்களே சரிவுல நின்னு புலம்பறது இதைத்தான்.

உண்மைதான், ஒரே ரவுண்டுல ஒருத்தர் 38 போடுவாரு, ரெண்டு நிமிஷம் கழிச்சு அதே சரிவுல அதே மாதிரி மாடலோட அடுத்தவர் 50 போடுவாரு. காரணம் தெர்மல். பள்ளத்தாக்குல வெயில்ல சூடான காத்து குமிழா கிளம்பி காத்தோட சேர்ந்து சரிவைத் தாண்டிப் போகும், அது கோர்ஸை, அதாவது அந்த 100 மீட்டர் ஓட்டப் பாதையைக் கடக்கற நேரத்துல பறக்கறவருக்கு யோகம், அது போனதுக்கப்புறம் வர்ற இறங்கு காத்துல மாட்டறவர் பாவம். கடலோரச் சரிவுல இது குறைவு, உள்நாட்டு மலைல அதிகம்.

விதியில இதுக்குக் கொஞ்சம் மருந்து இருக்கு. காத்து நொடிக்கு 3 மீட்டருக்குக் கீழ போனாலோ 25 மீட்டருக்கு மேல போனாலோ நிறுத்திடுவாங்க, காத்து சரிவுக்கு நேரா இல்லாம 45 டிகிரிக்கு மேல சாய்ஞ்சு வந்தாலும் அப்படித்தான். ஒவ்வொரு ரவுண்டுலயும் வேகமா வந்தவருக்கு 1000 புள்ளி, மத்தவங்களுக்கு அவரோட நேரத்தை வெச்சு விகிதம். அவர் 40 நொடி, நீங்க 44ன்னா உங்களுக்கு 909. நீங்க 50ன்னா 800. ரவுண்டு எண்ணிக்கை போதுமான அளவு ஆனதும் ஒவ்வொருத்தருக்கும் இருக்கறதுலயே மோசமான ரவுண்டைக் கழிச்சிடுவாங்க, ஆக ஒரு தடவை அதிர்ஷ்டம் காலை வாரினா மன்னிப்பு உண்டு.

ஆனா நான் சொல்ல வர்றது வேற. ரெண்டு நாள் பந்தயத்தை முழுசா உக்காந்து பார்த்தீங்கன்னா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் முதல் அஞ்சு இடத்துல இருக்கறது பெரும்பாலும் அதே ஆளுங்களாத்தான் இருக்கும், எந்த மலைக்குப் போனாலும். லாட்டரின்னா அப்படி வருமா? நல்ல காத்துல யார் வேணா 38 போடலாம். மோசமான காத்து வர்றப்ப 50க்குப் பதிலா 44ல முடிச்சவர்தான் மேல வர்றாரு. 1000 வாங்கின ரவுண்டை எல்லாரும் பேசுவாங்க, பந்தயத்தை ஜெயிச்சுக் கொடுக்கறது அந்த 909தான்.

எப்படிச் செய்யறாங்கன்னா, கூப்பிட்டதுமே வீசிட மாட்டாங்க, அந்த 30 நொடியையும் அதுக்கப்புறம் கிடைக்கற 30 நொடியையும் காசு மாதிரி எண்ணி எண்ணிச் செலவழிப்பாங்க. முன்னாடி கம்பத்துல கட்டின ரிப்பன் சட்டுனு தொங்கிடுச்சுன்னா வெளிய எங்கயோ தெர்மல் காத்தைத் தன் பக்கம் உறிஞ்சிட்டிருக்குன்னு அர்த்தம், இப்ப வீசினா அது வந்து சேர்றப்ப நாம மேல இருப்போம். குருவிக் கூட்டம் ஒரு இடத்துல மேல சுத்துதா, கன்னத்துல படற காத்து லேசா வெதுவெதுப்பாச்சா, முந்தினவர் மாடல் எந்தப் பக்கம் துள்ளுச்சு, இதெல்லாம் கவனிச்சுட்டே இருப்பாங்க. மத்தவங்க பறக்கறப்ப டீ குடிச்சிட்டுத் திரும்பி நிக்கறவங்களையும் பார்த்திருக்கேன், புலம்பல் அதிகமா வர்றது அந்தப் பக்கத்துல இருந்துதான்.

கேள்வி: கிளைடர்னா லேசா இருக்கணும். நீங்க என்னடான்னா உள்ள பித்தளைக் கட்டியைப் போடறாங்கன்னு எழுதியிருக்கீங்க. அச்சுப்பிழையா?
வாசகர், மதுரை

அச்சுப்பிழை இல்லீங்க. இறக்கைக்குள்ளயும் உடம்புக்குள்ளயும் குழாய் மாதிரி இடம் விட்டிருப்பாங்க, அதுல பித்தளை, ஈயம், டங்ஸ்டன் கட்டிங்களை சொருகறதுதான் பேலஸ்ட். வெயிட் ஏறினா கிளைடர் எவ்ளோ தூரம் போய் எவ்ளோ இறங்குதுங்கற விகிதம் கிட்டத்தட்ட மாறாது, ஆனா அதே விகிதத்தை அதிக வேகத்துல செய்யும். கணக்குப்படி வெயிட் ரெண்டு மடங்கானா வேகம் 1.4 மடங்கு. தூக்கற காத்து தாராளமா இருக்கறப்ப இது லாபம், இல்லாதப்ப தலைவலி, ஏன்னா அதே கனத்தோட திருப்பத்துல இழந்த வேகத்தைத் திரும்பப் பிடிக்க நேரமாகும். மூணு மீட்டர் நீள இறக்கை உள்ள ஒரு மாடல் காலியா ரெண்டு கிலோ சொச்சம் இருக்கும், பலத்த காத்துல நாலு கிலோவுக்கு மேல கூட ஏத்துவாங்க. விதிப்படி 5 கிலோவைத் தாண்டக்கூடாது.

சரிவுல பெரிய தலைவேதனை எவ்ளோ கட்டி ஏத்தறதுங்கற முடிவுதான். நம்ம பேர் கூப்பிடறதுக்கு நாலஞ்சு பேர் முன்னாடியே ஏத்தி முடிச்சிருக்கணும், ஏத்தினதும் காத்து செத்துப் போகும். ஏத்தற கட்டி மாடலோட பேலன்ஸ் புள்ளியை நகர்த்திடவும் கூடாது, ஒரு சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே மாடல் வேற மாடல் மாதிரி நடந்துக்கும்.

இன்னொண்ணு, உறுதி. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்துல 12 மீட்டர் ஆரத்துல திருப்பினா 9 ஜிக்கு மேல, அதாவது புவியீர்ப்பைப் போல ஒன்பது மடங்குக்கு மேல வருது, மூணு கிலோ மாடலை அந்த நொடியில இறக்கை 28 கிலோவா தாங்கணும். அதுக்குத்தான் கார்பன் ஃபைபர். பால்சா கட்டைல செஞ்ச பழைய இறக்கையா இருந்தா முதல் திருப்பத்துலயே படக்.

கேள்வி: என் வீட்டுக்காரர் மாசத்துல ஒரு சனி ஞாயிறு மலைக்குப் போறேன்னு காரை எடுத்துட்டுப் போயிடறார். ரெண்டு நாள் அங்க அப்படி என்னதான் பண்றாங்க?
வாசகி, ஹாரோ, லண்டன்

மேடம், கணக்கு சொல்றேன், வீட்ல சண்டை வந்தா என் பேரை இழுக்காதீங்க. ரெண்டு நாள்ல பத்து ரவுண்டு நடந்ததுன்னு வைங்க, ஒரு ரவுண்டுக்கு 40 நொடின்னா அவர் கோர்ஸுக்குள்ள பறக்கறது மொத்தமே ஏழு நிமிஷம் வராது. மீதி நேரம்?

சனிக்கிழமை காலைல முதல்ல கார் பார்க்கிங்ல கூடுவாங்க. ரோண்டா பள்ளத்தாக்குக்கு மேல புல்க்னு ஒரு மலைக்கணவாய், ஒரு காலத்துல சுத்திலும் நிலக்கரிச் சுரங்கமா இருந்த ஊருங்க, இப்ப மேல பூரா புல்லும் செம்மறி ஆடும், கார் நிறுத்தற இடத்துல ஐஸ்க்ரீம் வேன். அங்க நின்னு காத்து எந்தப் பக்கம்னு பார்த்து இன்னைக்கு எந்தச் சரிவுன்னு போட்டி நடத்தறவர் முடிவு சொல்லுவாரு, சில நாள் எல்லாத்தையும் மறுபடி வண்டில ஏத்திட்டு வேற மலைக்கு ஓடணும். அப்புறம் கம்பி நடறது, பேஸ் அளக்கறது, வயர் இழுக்கறது, பசர் சோதிக்கறது. இதுக்கெல்லாம் தனியா ஆளு கிடையாது, பறக்கறவங்களே முறை வெச்சுச் செய்யணும். உங்க வீட்டுக்காரர் ஒரு ரவுண்டு முழுக்க பேஸ் பில குளிர்ல பட்டனோட நிப்பாரு, முப்பது நாப்பது பேர் போட்டின்னா அதுவே ஒரு மணி நேரத்துக்கு மேல. யாராவது மாடல் கீழ பள்ளத்துல இறங்கிடுச்சுன்னா தேடப் போறது, இறக்கை இணைப்புக்கு டேப் ஒட்டறது, கட்டி ஏத்தறது, கட்டி இறக்கறது.

இதுக்கு நடுவுல மேகம் இறங்கி மலையை மூடிடும். அப்ப எல்லாரும் காருக்குள்ள உக்காந்து சாண்ட்விச் சாப்பிட்டுட்டு வானிலை ஆப்பைப் பார்த்துட்டிருப்பாங்க, அரை நாள் அப்படியே போறதும் உண்டு. நீங்களும் ஒரு தடவை கூடப் போங்க, வெயில் காலமா பார்த்து. போறப்ப ஃப்ளாஸ்க் நிறைய டீயும் கொஞ்சம் கூடுதலா சாப்பாடும் எடுத்துட்டுப் போனீங்கன்னா அந்த மலைல உங்களுக்கு இருக்கற மரியாதையே தனி, அவரை யாரும் கண்டுக்க மாட்டாங்க. அவருக்கு ஏதாவது வாங்கித் தரணும்னா டிரான்ஸ்மிட்டர் மிட் வாங்கிக் கொடுங்க, ரிமோட்டையும் ரெண்டு கையையும் சேர்த்து உள்ள விட்டுக்கற பை, விரல் மரத்துப் போச்சுன்னா ஸ்டிக்கை நுணுக்கமா அசைக்க முடியாது.

கேள்வி: ரிமோட் கிளைடர் மணிக்கு 800 கிலோமீட்டர் போச்சுன்னு படிச்சேன். நீங்க 120க்கே இவ்ளோ பெருமை பேசறீங்க?
வாசகர், சேலம்

நீங்க படிச்சது சரி, ஆனா அது வேற ஆட்டம். டைனமிக் சோரிங்னு பேர். மலையோட முன்பக்கம் இல்லாம பின்பக்கத்துல, நான் மேல போகாதீங்கன்னு சொன்னேனே அதே இடத்துல, வேணும்னே வட்டமடிப்பாங்க. முகட்டுக்கு மேல காத்து பலமா அடிக்குது, அதுக்குக் கீழ மறைவுல காத்தே இல்ல, இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற மெல்லிசான எல்லையை ஒவ்வொரு சுத்துலயும் ரெண்டு தடவை கடந்தா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேகம் ஏறும், சுத்தச் சுத்த ஏறிக்கிட்டே போகும். 2021 ஜனவரில கலிஃபோர்னியாவுல பார்க்கர் மலைல ஸ்பென்சர் லிசன்பிங்கறவர் மணிக்கு 548 மைல், அதாவது 882 கிலோமீட்டர் ஓட்டினாரு, ப்ரொப்பெல்லரும் கிடையாது ஜெட்டும் கிடையாது. ஆல்பட்ராஸ் பறவை கடல் மேல நாள்கணக்கா பறக்கறது இதே வித்தையிலதான், இந்த மாதிரி பறக்க முடியும்னு ராலே பிரபு 1883லயே எழுதி வெச்சிட்டாரு.

எனக்கு அதுல மலைப்பு உண்டு, ஆசை கிடையாது. அந்த வேகத்துல மாடல் உடைஞ்சா மிச்சம்னு பொறுக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது.

கேள்வி: பறவைங்க வந்து முட்டாதா?
வாசகி, தஞ்சாவூர்

பெரும்பாலும் முட்டாது, அதுங்களுக்கு நம்மளை விட நல்லா பறக்கத் தெரியும். சில சமயம் பருந்து வகைங்க ஆர்வத்துல பக்கத்துல வந்து கூடவே வட்டமடிக்கும். கூடு கட்டற காலத்துல கூட்டுக்குப் பக்கத்துல பறக்க விடாம இருக்கறதுதான் நல்ல பழக்கம்.

கேள்வி: முப்பது பேர் முப்பது ரிமோட் வெச்சிருந்தா ஒண்ணோட ஒண்ணு குழம்பாதா? ஆளு மேல விழுந்தா என்ன ஆகறது?
வாசகர், யாழ்ப்பாணம்

முன்ன குழம்பும். பிரிட்டன்ல 35 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ இருந்த காலத்துல ஒரே சேனல்ல ரெண்டு பேர் ஆன் பண்ணினா ஒருத்தர் மாடல் கண்டிப்பா கீழ வரும், அதனால ஒரு பலகையில கிளிப் மாட்டி, அந்த சேனலோட கிளிப் கையில இருக்கறவர் மட்டும்தான் ரிமோட்டை ஆன் பண்ணலாம்னு வெச்சிருந்தாங்க. இப்ப 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒவ்வொரு ரிசீவரும் தன்னோட ரிமோட்டை மட்டும்தான் கேக்கும், அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

ரெண்டாவது கேள்வி முக்கியம். ஆளுங்க நிக்கற பக்கத்துக்கும் பறக்கற பக்கத்துக்கும் நடுவுல ஒரு பாதுகாப்புக் கோடு இருக்கும், மாடல் அந்தக் கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தா 100 புள்ளி அபராதம். 909, 930னு சண்டை போட்டுக்கிட்டிருக்கற இடத்துல 100 போச்சுன்னா அந்த வாரம் முடிஞ்ச மாதிரிதான். மூணு கிலோ கார்பன் அந்த வேகத்துல வந்தா என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும், அதனால இதுல யாரும் கெஞ்ச மாட்டாங்க, கெஞ்சினாலும் நடக்காது. பிரிட்டன்ல இன்ஷூரன்ஸ் இல்லாம எந்தப் போட்டிலயும் சேர்க்க மாட்டாங்க, 2019 நவம்பர் கடைசில இருந்து விமானத் துறைல பதிவு எண் வாங்கி மாடல் மேல ஒட்டறதும் கட்டாயம்.

கேள்வி: நான் சென்னையில இன்ஜினியரிங் படிக்கறேன். வெளிநாட்டுல இருந்து பழைய எஃப்3எஃப் மாடல் ஒண்ணு மலிவா வருது. வாங்கலாமா? இங்க எங்க பறக்க விடறது?
வாசகர், சென்னை

வாங்காதீங்க தம்பி. புது மாடல் 2000 யூரோவைத் தாண்டும், அதுக்கு மேல ஆறு சர்வோ, ரிசீவர், நல்ல ரிமோட்னு தனிச் செலவு, அதைப் பார்த்தா பழசு மலிவாத்தான் தெரியும். ஆனா கத்துக்கறப்ப உடையும், உடைஞ்ச கார்பன் இறக்கையை ஒட்டறது ஒரு தனிப் படிப்பு. இபிபிங்கற ஒரு வகை ஃபோம்ல செஞ்ச ஒரு பறக்கும் இறக்கை போதும், வால் கிடையாது, ரெண்டே ரெண்டு சர்வோ, மண்ணுல குத்தினா நசுங்கித் திரும்ப எழுந்துக்கும். உலக அளவுல ஆடறவங்கள்ல நிறையப் பேர் இப்படிப்பட்ட ஃபோம்லதான் கை பழகினவங்க, இன்னிக்கும் மழை நாள்ல கார் டிக்கில ஒண்ணு கிடக்கும். அதுக்கும் முன்னாடி கம்ப்யூட்டர்ல ஒரு சிமுலேட்டர் போட்டு, மாடல் நம்மளைப் பார்த்து வர்றப்ப இடது வலது மாறித் தெரியுமே, அந்தக் குழப்பம் தீர்ற வரைக்கும் ஓட்டுங்க.

இடம்தான் சென்னையில கஷ்டம். பரங்கிமலை ஞாபகம் வந்தா உடனே மறந்துடுங்க, ஏர்போர்ட் பக்கத்துலயே இருக்கு. மத்தியானத்துக்கு மேல கடல் காத்து நல்லாவே வரும், ஆனா கரை தட்டையா கிடக்கு, ஆள் நடமாட்டம் இல்லாத உயரமான மணல் மேடு கிடைச்சா சின்ன ஃபோம் மாடல் ஓடும். நிஜச் சரிவு வேணும்னா புனே பக்கம் காம்ஷெட் மாதிரி பாராகிளைடிங் நடக்கற மலைங்க இதுக்கும் பொருந்தும், காத்து விஷயத்துல ரெண்டுக்கும் ஒரே தேவைதான், ஆனா ஆகாயத்துல ஆளு தொங்கிட்டிருக்கறப்ப மாடலை வெளிய எடுக்கவே கூடாது. 2021 ட்ரோன் விதிகள் மாடலுக்கும் பொருந்தும், பொழுதுபோக்குக்கு 2 கிலோ வரைக்கும் பைலட் சான்றிதழ் தேவையில்ல, ஆனா ட்ரோன் எங்க பறக்கலாம்னு காட்டற அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை மேப்ல அந்த இடம் பச்சையா இருக்கான்னு பார்த்துட்டுத்தான் போகணும், மலைன்னா வனத்துறை நிலமான்னும் விசாரிச்சுக்கங்க.

கேள்வி: எங்க ஊர்ப் பக்கம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல்ல அடிக்கற காத்துக்கு உலகப் போட்டியே நடத்தலாமே?
வாசகர், நாகர்கோவில்

ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொன்ன ஊர்க்காரர் கேக்கறீங்க, மறுக்க மனசு வரல, ஆனாலும் மறுக்கறேன். காத்து பலமா இருந்தா மட்டும் போதாது, சீரா வந்து திறந்த சரிவுல முட்டணும். கணவாய்ல பிதுங்கி வர்ற காத்து தாறுமாறா குலுக்கும், போதாததுக்கு வழியெல்லாம் கரண்ட் எடுக்கற காத்தாடிங்க, ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி காத்து கலங்கித்தான் வரும். காத்தாடி இறக்கைக்குப் பக்கத்துல மாடல் ஓட்டறதை எந்த நிர்வாகமும் அனுமதிக்காது. உலகப் போட்டி எல்லாம் இதுவரைக்கும் ஐரோப்பா பக்கம்தான் அதிகம், முதல் உலக சாம்பியன்ஷிப் 2012ல ரூகன்ல நடந்தது, 2016ல டென்மார்க்ல.

கேள்வி: வயசு அறுபதைத் தாண்டியாச்சு, கண்ணாடி போட்டிருக்கேன். இனிமே ஆரம்பிக்கலாமா?
வாசகர், ஈரோடு

தாராளமா. சரிவுல பாதிப் பேர் ரிட்டையர் ஆனவங்கதான் சார். தூரப்பார்வைக்கான கண்ணாடியைப் போட்டுட்டு வாங்க, பைஃபோக்கல் வேண்டாம், மாடல் கண்ணாடியோட கோட்டைத் தாண்டறப்ப குதிக்கற மாதிரி தெரியும். வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி, தலைக்குத் தொப்பி. மாடலோட அடிப்பக்கம் கறுப்பு, மேல்பக்கம் சிவப்போ ஆரஞ்சோ இருக்கற மாதிரி வாங்குங்க, திரும்பறப்ப எந்தப் பக்கம் நமக்குத் தெரியுதுன்னு சட்டுனு புரியும். முழங்கால் எப்படின்னு நீங்க எழுதல, அதையும் யோசிச்சுக்கங்க, கீழ இறங்கின மாடலை எடுத்துட்டு வர்றது நாமதான்.